வீரகேரளம்புதூருக்குக் கடைசி பஸ்

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனந்தவள்ளி மொட்டை மாடியில் இருந்தாள். அவள் கணவர் சிவனணைந்தபெருமாள் பின்வாசலில் இருந்தார். கொரோனாவுக்காக நாடே ஒரு நாள் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவர்களும் இருந்தார்கள்.

சாயங்காலம் தெருவே வாசலுக்கு வந்து தட்டைத் தட்டியது. பெருமாளும் வந்து நின்றார். ரெண்டு தடவை கையைத் தட்டினார். மேலே மாடியில் அவள் நிற்பது தெரிந்ததும் உள்ளே போய்விட்டார்.

அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசி எட்டு மாதம் ஆகிறது.

போன ஆடியில், குற்றாலத்தில் சாரல் பிய்த்துக்கொண்டு அடித்த ஒரு நாளில், அவர்கள் மகன் முத்துச்செல்வம் இலஞ்சிக்குப் பிரியும் விலக்கில் பஸ்ஸில் மோதி இறந்துபோனான். போலீஸ்காரன். சீசன் டூட்டி முடிந்து பைக்கில் வந்தவன். எதிரே வந்தது 'குழல்வாய்மொழி' பஸ். பெருமாள் வேலை பார்க்கிற அதே கம்பெனி பஸ். ஓட்டியவன் உமாசங்கர். அடுத்த ஷிப்டு எடுப்பதற்காகப் பெருமாள் அதே பஸ்ஸில், டிரைவருக்குப் பக்கத்தில், பேனட் மேல் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தார்.

மகன் மோதியதை அப்பாவின் கண் பார்த்தது.

ஸ்டேஷனில் கேட்டபோது பெருமாள் சொன்னார்: "டிரைவர் மேல தப்பில்ல சார். என் மகன்தான் வேனை முந்திக்கிட்டு ராங் சைடுல வந்தான்."

ஆஸ்பத்திரியில் பிள்ளையை இன்னும் அறுத்துத் தரவில்லை, அதற்குள் அப்பன் சொன்ன சொல் அது. "ஊர்ல ஒருத்தன் பொய் சொல்லுததில்லையா? பெத்த புள்ளைக்காக ஒரு பொய் சொன்னா நாக்கு அழுகிருமா?" என்று ஆனந்தவள்ளி கேட்டாள். அதுதான் அவரிடம் அவள் கடைசியாகப் பேசியது.

மகள் மஞ்சு கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். காரியம் முடிந்து அவளும் திரும்பிப் போன பிறகு வீட்டில் இவர்கள் ரெண்டு பேர்தான். விடியும் முன்னே அவர் பஸ் எடுக்கப் போய்விடுவார். அவள் தென்காசியில் ஜவுளிக்கடை முடிந்து இருட்டிய பிறகுதான் வருவாள். அப்படியே நாள் ஓடிக்கொண்டிருந்தது. வேலை என்று ஒன்று இருந்ததால் ஓடியது.

செவ்வாய்க்கிழமை காலையில் அதற்கும் முடிவு வந்தது. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து நூற்று நாற்பத்து நாலு தடை உத்தரவு. பஸ் கிடையாது. கடை கிடையாது. ஒரு வாரம்.

*

பெரிய ஜவுளிக்கடைகளை முந்தின வாரமே மூடச் சொல்லிவிட்டார்கள். ஆனந்தவள்ளி வேலை பார்ப்பது நடுத்தரக் கடை. அரை ஷட்டரைத் தூக்கி வைத்து, குனிந்து வருகிறவர்களுக்கு மட்டும் வியாபாரம்.

வந்தது ஒரே ஒரு அம்மாள். மேலகரத்திலிருந்து வந்திருந்தார். நாளைக்கு மகளுக்குக் கல்யாணம். மண்டபத்தை ரத்து செய்துவிட்டார்கள். வீட்டிலேயே தாலி கட்டப் போகிறார்கள்.

"பச்சையில ஒரு பிளவுஸ் துணி குடும்மா. தைக்கக் குடுத்த கடை பூட்டிக் கெடக்கு. கையாலயாவது தைச்சுப் போட்டுருதேன்."

ஆனந்தவள்ளி மூன்று பச்சையை எடுத்துப் போட்டாள். அந்த அம்மாள் எதையும் விரித்துப் பார்க்கவில்லை. நடுவில் இருந்ததை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்.

அதன் பிறகு அலமாரி அலமாரியாக அந்துருண்டை போடுகிற வேலை. பொம்மைகளுக்குக் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து மடித்து, பழைய வேட்டியால் தலையோடு மூடிக் கயிற்றால் கட்டினார்கள். மாஜிதா பிடித்துக்கொள்ள ஆனந்தவள்ளி முடிச்சுப் போட்டாள். மாஜிதா கடையநல்லூர்க்காரி. அவள் கணவன் ஆசிப் துபாயில் இருக்கிறான்.

"வியாழக்கிழமைக்கு டிக்கெட் போட்டிருந்தாரு அக்கா. பிளைட்டே இல்லைங்காங்க. எட்டுப் பேரு ஒரே ரூம்லயாம். ஒருத்தன் இருமினாலும் எல்லாரும் போர்வையை எடுத்து மூஞ்சியை மூடிக்கிடுதாங்களாம்."

"என்ன சொல்லுதாரு?"

"ஒண்ணும் சொல்லல. சோறு தின்னியா, சோறு தின்னியான்னு நாலு தடவ கேக்காரு. பேச்சு ஓடல." மாஜிதா கயிற்றை இறுக்கினாள். "உங்களுக்கென்ன அக்கா, அண்ணன் ஒரு வாரமும் வீட்டோடயே இருப்பாரு."

ஆனந்தவள்ளி அடுத்த பொம்மைக்கு நகர்ந்தாள்.

மூன்று மணிக்கே முதலாளி சாவியை எடுத்துவிட்டார். "எல்லாரும் பஸ் இருக்கும்போதே கெளம்புங்க."

"மேல் மாடியில காட்டன் ராக்கு பாக்கி கெடக்கு" என்றாள் ஆனந்தவள்ளி.

"கெடக்கட்டும்மா."

"எலி வந்துரும். நான் முடிச்சுட்டே போறேன்."

மாஜிதா பையை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு, "வாரேன் அக்கா" என்று குனிந்து வெளியே போனாள். ஆனந்தவள்ளி தனியாகப் படியேறினாள். ஒவ்வொரு சேலையாக நீவி, மடிப்பை மாற்றி மடித்து அடுக்கினாள். அப்படி மாற்றி மடிக்க அவசியமே இல்லை. கீழேயிருந்து முதலாளி மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் இறங்கி வந்தாள்.

*

அதே நேரம் பெருமாள் குற்றாலத்திலிருந்து காலி பஸ்ஸை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

பங்குனி வெயிலில் அருவியில் தண்ணீரும் இல்லை, குளிக்க அனுமதியும் இல்லை. கடைகள் எல்லாம் படுதா இறங்கிக் கிடந்தன. சாப்பாட்டுக்கு ஆள் இல்லாத குரங்குகள் பஸ் நின்றதும் படியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போயின.

இலஞ்சி விலக்கு வந்தது. எட்டு மாதமாக ஒரு நாளைக்குப் பல தடவை அந்த இடத்தைத் தாண்டுகிறார். அங்கே வேகத்தைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. இன்றும் அப்படியே தாண்டினார். நாளைக்கு இதைத் தாண்ட வேண்டாம் என்று மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை.

மேலகரம் ஷெட்டில் மற்ற வண்டிகள் ஏற்கனவே வரிசையாக நின்றன. முதலாளி தேவா வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நின்றான். அப்பா காலமானபின் தொழிலைப் பார்க்கும் இளைஞன்.

"அண்ணாச்சி, வாட்ச்மேன் ஊருக்குப் போயிட்டான். வண்டியெல்லாம் சும்மா நின்னா பேட்டரி எறங்கிரும். டீசல் வேற கெடக்கு. ஒருத்தர் இங்கனயே தங்குனா நல்லது. ஆரு இருக்கான்னுதான் தெரியல."

"நான் இருக்கேன்" என்றார் பெருமாள்.

"நீங்களா? வீட்டுல மதினி தனியால்லா இருப்பாவ?"

"இருந்துக்கிடுவா."

தேவா அவர் முகத்தைப் பார்த்தான். "ரூம்ல ஸ்டவ் இருக்கு. அரிசி பருப்பு நான் வாங்கிப் போட்டுருதேன். ஒரு வாரம்தானே."

உமாசங்கர் அப்போதுதான் வீரகேரளம்புதூர் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தான். அதுதான் கடைசி டிரிப். போய் இறக்கிவிட்டு, ஆறு மணிக்குள் காலியாக ஷெட்டுக்குத் திரும்ப வேண்டும். பேச்சு அவன் காதில் விழுந்தது. கியரைப் போடாமல் பெருமாளையே பார்த்தான்.

"போலே, நேரமாவுது" என்றார் பெருமாள்.

*

தென்காசி பஸ் ஸ்டாண்டில் திருவிழாக் கூட்டம். சத்தம் மட்டும் இல்லை. எல்லோரும் ஒருவரை ஒருவர் தொடாமல் இருக்கப் பார்த்து, பஸ் வந்ததும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஏறினார்கள்.

ஆனந்தவள்ளி வந்து நின்றபோது அவள் ஊரான வீரகேரளம்புதூருக்குப் போகிற அரசு பஸ் போய்விட்டது. பின்னால் இன்னொன்று வரும் என்று நின்றாள். வரவில்லை.

குழல்வாய்மொழி வந்தது.

அந்த பஸ்ஸில் அவள் ஏறுவதில்லை. தினமும் கண் முன்னால் வந்து நிற்கும். அது போகட்டும் என்று நின்று அடுத்ததில்தான் போவாள்.

"சுரண்டை, வீரகேரளம்புதூர்! இதான் கடைசி! இதை விட்டா நடதான்!" கண்டக்டர் படியில் நின்று கத்தினான்.

ஆனந்தவள்ளி நகரவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண் குழந்தையோடு இடித்துக்கொண்டு வந்தாள். "ஏறுங்கக்கா, ஏறாட்டி வழி விடுங்க!" அந்தத் தள்ளில் கால் படியில் பட்டது. அப்புறம் கூட்டமே அவளை உள்ளே கொண்டுபோய் முன்பக்கம் நிறுத்தியது.

பேனட்டுக்குப் பக்கத்தில்.

அதன் மேலே ஒரு சாக்கை நாலாக மடித்துப் போட்டிருந்தார்கள். இங்கே உட்கார்ந்துதான் பார்த்தார் என்று நினைத்தாள். முன் கண்ணாடி வழியாக ரோடு முழுக்கத் தெரிந்தது. எதிரே வருகிற ஒவ்வொரு பைக்கும் பெரிதாகிப் பெரிதாகிப் பக்கவாட்டில் போய் மறைந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். கண்ணை வேறு பக்கம் திருப்பத் தோன்றவில்லை.

உமாசங்கர் அவளைப் பார்த்துவிட்டான். அதன் பிறகு அவன் வண்டி ஓட்டியது ஓட்டமே இல்லை. மாட்டு வண்டிக்குக்கூட ஹாரன் அடித்து ஒதுங்கினான்.

"என்னடே, ஆறு மணிக்குள்ள கொண்டுபோய்ச் சேத்துருவியா?" என்று யாரோ பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள்.

பாவூர்சத்திரத்தில் பாதி இறங்கியது. சுரண்டையில் கண்டக்டரும் மிச்சத்தில் முக்கால்வாசிப் பேரும் இறங்கினார்கள். வீரகேரளம்புதூரில் ஏழெட்டுப் பேர். எல்லோரும் போன பிறகு ஆனந்தவள்ளி படிக்கு வந்தாள்.

"மதினி."

அவள் திரும்பவில்லை. நின்றாள்.

"அண்ணாச்சி இன்னைக்கு வரமாட்டாவ. ஷெட்டுலயே தங்குதாவளாம். நீங்க தேடக்கூடாதுன்னு சொல்லுதேன்."

காலையில் எழுந்ததிலிருந்து அவள் பயந்துகொண்டிருந்தது, ஒரு வாரம் அவரோடு எப்படி ஒரே வீட்டில் இருப்பது என்றுதான். இப்போது அந்தப் பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. பேசாமல் இருக்கிறவள் நான், எனக்கு முன்னால் அவர் எப்படிப் போகலாம் என்று ஒரு கோபம் வந்தது. அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

"அன்னைக்கு நான் சாவியை எடுத்துட்டு எறங்கி ஓடி வாரதுக்குள்ள, அண்ணாச்சி முத்து தலையை மடியில வச்சிருந்தாவ" என்றான் உமாசங்கர். அவன் ஸ்டீயரிங்கைப் பார்த்துதான் பேசினான். "அவன் பேசினானே மதினி. என்னமோ சொன்னான். மழைச் சத்தத்துல எனக்குக் கேக்கல. அண்ணாச்சி தலையைத் தலையை ஆட்டிக்கிட்டு இருந்தாவ. உங்ககிட்டச் சொல்லியிருப்பாவன்னு நெனச்சேன்."

ஆனந்தவள்ளி திரும்பினாள்.

"பேசினானா?"

"பேசினான் மதினி."

அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது என்றுதான் எல்லோரும் அவளிடம் சொல்லியிருந்தார்கள். வலி தெரிந்திருக்காது என்றும் சொன்னார்கள். எட்டு மாதமாக அவள் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒன்றைத்தான்.

"நீ இப்பம் ஷெட்டுக்குத்தானே போறே?"

"ஆமா."

அவள் வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். "எடு."

"மதினி, திரும்பி வர வண்டி கெடையாது."

"எடுன்னு சொல்லுதேன்லா."

காலி பஸ் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு வந்த வழியே போனது. பாவூர்சத்திரத்தில் போலீஸ் தடுப்பு போட்டிருந்தது. ஏட்டு ஒருவர் கம்பால் பஸ்ஸைத் தட்டினார்.

"வண்டியை ஷெட்டுல விடப் போறேன் சார்."

"இந்தம்மா ஆரு?"

உமாசங்கர் விழித்தான்.

"என் வீட்டுக்காரரு ஷெட்டுல இருக்காரு" என்றாள் ஆனந்தவள்ளி.

ஏட்டு இருவரையும் பார்த்துவிட்டு விலகினார். "சட்டுனு போங்க."

*

பெருமாள் ஒரு பஸ்ஸின் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்துக்கொண்டிருந்தார். குழல்வாய்மொழி உள்ளே வந்து நின்றது. அதிலிருந்து தன் மனைவி இறங்குவதைப் பார்த்து, கட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

உமாசங்கர் சாவியை ஆணியில் மாட்டினான். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தன் பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

"பேசினானா?" என்று கேட்டாள் ஆனந்தவள்ளி.

யார் என்று அவர் கேட்கவில்லை.

"பேசினான்."

"என்ன சொன்னான்?"

"எம்மேலதான் தப்புப்பா, உமா அண்ணனை ஒண்ணும் பண்ணிராதீங்கன்னான்."

"அதைத்தான் ஸ்டேஷன்ல சொன்னீங்களா?"

"நானும் பாத்தேன். அவனும் சொன்னான். பொறவு நான் வேற என்னத்தைச் சொல்லட்டும்?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

பெருமாள் கட்டையைக் கீழே வைத்தார். கையில் இருந்த கிரீஸை வேட்டியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"அவன்தான் சொல்லக் கூடாதுன்னான்."

"எது?"

"அம்மாட்டச் சொல்லாதீங்கப்பான்னான். ரெண்டு தடவ சொன்னான். சின்ன வயசுல சைக்கிள்ல விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டு வந்து சொல்லுவானே, அதே மாதிரி. நான் சரிலே, சொல்லல, சொல்லலன்னேன்." அவர் நிறுத்தினார். "பொறவு பேசல."

ஆனந்தவள்ளி பஸ்ஸின் படியில் உட்கார்ந்தாள்.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். அவரும் எதிர்பார்த்தார், அதனால்தான் ஒரு எட்டு முன்னால் வந்து நின்றார். வரவில்லை. நாள் முழுக்க நின்றதில் குதிகால் வலித்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைச் சிமெண்டுத் தரையில் வைத்தாள். தரை சூடாக இருந்தது.

"வலின்னு சொன்னானா?"

"இல்ல."

"நெசமா?"

"நெசமாத்தான் வள்ளி. குளிருதுன்னான்."

அவள் தலையை ஆட்டினாள். அவர் எதிரே இருந்த பஸ்ஸின் படியில் போய் உட்கார்ந்தார். ரோட்டில் போலீஸ் ஜீப் மைக்கில் கத்திக்கொண்டே போனது. மணி ஆறாகிவிட்டது, யாரும் வெளியே நிற்கக் கூடாது. ஜீப் போன பிறகு எந்த வண்டியின் சத்தமும் இல்லை. அந்த ரோடு அவ்வளவு அமைதியாக இருந்து ரெண்டு பேருமே பார்த்ததில்லை.

இருட்ட ஆரம்பித்ததும் பெருமாள் அறைக்குள் போய் ஸ்டவ்வைப் பற்ற வைத்தார். தேவா கொடுத்திருந்த அரிசியில் ஒரு ஆளுக்குப் போட்டார். பிறகு இன்னும் கொஞ்சம் போட்டார். அவர் சோறு வடித்து அவள் பார்த்ததில்லை. கஞ்சியைச் சரியாக வடிக்காமல் விட்டுவிட்டார். அவள் எழுந்து போய்ச் சொல்லவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டாள்.

எட்டு மணிக்கு மேல் தேவா போன் செய்தான். பெருமாள் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"என்னவாம்?" என்றாள் ஆனந்தவள்ளி.

"ஒரு வாரம் இல்லையாம். நாடு முழுக்க மூணு வாரமாம். இப்பம்தான் டிவியில சொன்னாங்களாம்."

"நான் மாத்துச் சேலைகூட எடுத்துட்டு வரல."

"காலையில ஸ்டேஷன்ல கேட்டுப் பாக்கேன். பாஸ் தருவாங்களான்னு."

"ம்."

ரெண்டு பேரும் வீட்டுக்குப் போவதற்கா, அவளை மட்டும் கொண்டுபோய் விடுவதற்கா என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அப்போதுதான் அவள் போன் அடித்தது. மஞ்சு. குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. அவ்வளவு சாதாரணமாக அவள் பேசவே மாட்டாள்.

"சாப்ட்டியாம்மா? நியூஸ் பாத்தியா? ஒண்ணு சொல்லணும், சத்தம் போடக் கூடாது. நாளையிலருந்து என்னைக் கொரோனா வார்டுல போட்டுருக்காங்க. யாரு போறீங்கன்னு கேட்டாங்க, நான்தான் பேரு குடுத்தேன். உள்ள போயிட்டா ஹாஸ்டலுக்கு வர முடியாது. போனும் எப்பவாச்சும்தான்."

ஆனந்தவள்ளி பெருமாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா? இருக்கியா? அப்பாவுக்கு நானே தனியா போன் போட்டுப் பக்குவமாச் சொல்லிக்கிடுதேன். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், சரியா?"

ஆனந்தவள்ளி போனைக் காதிலிருந்து எடுத்தாள். ஸ்பீக்கரைப் போட்டு, அறைக்கு நடுவில் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் வைத்தாள்.

"அப்பா இங்கனதான் இருக்காரு. சொல்லு, ரெண்டு பேரும் கேக்கோம்."

கோயம்புத்தூரில் மஞ்சு மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"மஞ்சு" என்றார் பெருமாள்.